சிவப்பு விளக்கு எரிந்தால் செய்ய வேண்டியது என்ன?

(சுங்கை காடுட் வட்டாரத் தோட்ட மக்களிடையே ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

நாம் கூடியிருக்கும் இந்தச் சுங்கை காடுட், நெகிரி செம்பிலான் மாநிலத்தின் மாற்றத்தை ஒரே பார்வையில் காட்டும் ஊராகும். ஒரு புறம் ரப்பர் மரம்; மறுபுறம் செனவாங் தொழிற்பேட்டையும் துவாங்கு ஜாஃபார் தொழிற்பேட்டையும். ஒரே வீட்டில் தந்தை பால் வெட்டப் போகிறார். மகனோ மகளோ தொழிற்சாலைக்குப் போகிறார். சிரம்பான் மருத்துவமனைக்கும், ரெம்பாவிலுள்ள உறவினர் வீட்டுக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கும் போய்வர நம்மிற் பலர் இன்று கார் வைத்திருக்கிறோம்.

1985ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள் புரோட்டோன் சாகா அறிமுகமாயிற்று. 1994ஆம் ஆண்டில் பெரொடுவா கஞ்சில் வந்தது. அவற்றுக்குப் பின்னரே குறைந்த வருவாய் உடைய குடும்பமும் கார் வாங்கலாம் என்ற நிலை நாட்டில் பரவியது. எனினும், நம் மக்களிற் பலர் வாங்குவது பிறர் ஓட்டிப் பழகிய காரையே. ஆகவே அதன் நலனைக் காத்துக்கொள்ளும் அறிவு, புதுக்கார் வாங்குபவரைக் காட்டிலும் நமக்கே மிகுதியாகத் தேவைப்படுகிறது.

காரின் முகப்புப் பலகையில் எண்ணெய்க் குவளை போன்ற வடிவில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அதன் மூக்கில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருக்கும். ஓடுகின்ற காரில் அந்த விளக்கு எரிந்தால் அதன் பொருள் என்ன, உடனே செய்ய வேண்டியது என்ன, குற்றத்தை முறையாகக் கண்டுபிடிப்பது எவ்வாறு என்பவற்றையே இன்று நாம் ஆராயப் போகிறோம். இதில் தவறினால் ஏற்படும் இழப்பு சிறிதன்று. 2025ஆம் ஆண்டு முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். எண்ணெயின்றிக் கெட்டுப்போன இயந்திரத்தைப் பிரித்துச் சீர்செய்ய ஒரு மாதச் சம்பளத்துக்கு மேலும் ஆகக்கூடும். இயந்திரத்தையே மாற்ற நேர்ந்தால் செலவு இன்னும் கூடும்.

அளவு வேறு, அழுத்தம் வேறு

“சிவப்பு விளக்கு எரிகிறதா? எண்ணெய் குறைந்திருக்கும், கொஞ்சம் ஊற்றினால் போதும்” என்று கூறுவோர் பலர். இது பாதி உண்மையே. அந்த விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதில்லை. எண்ணெயின் அழுத்தத்தையே காட்டுகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பால் மரம் வெட்டும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

நாம் விடியுமுன் வெட்டுக்காட்டுக்குச் செல்வது ஏன்? மரத்தின் பட்டையிலுள்ள நுண்ணிய பாற்குழாய்களில் அந்நேரத்தில்தான் அழுத்தம் மிகுந்திருக்கிறது. அப்போது அது பத்து வளிமண்டல அளவையும் எட்டும் என்று அறிவியலார் அளந்து கண்டிருக்கிறார்கள். வெயில் ஏற ஏற இலைகள் நீரை வெளிவிடுகின்றன. பாற்குழாய்களில் அழுத்தம் தணிகிறது. மரம் அதே மரந்தான்; பட்டையில் பாலும் உண்டு. ஆயினும் நண்பகலில் வெட்டினால் மங்கு நிறைவதில்லை. பால் இருப்பது ஒன்று, அதைத் தள்ளும் விசை இருப்பது மற்றொன்று.

கார் இயந்திரத்திலும் இதே நிலைதான். இயந்திரத்தின் அடித்தொட்டியில் மூன்று அல்லது நான்கு லிட்டர் எண்ணெய் நிறைந்திருக்கலாம். அந்த எண்ணெயை மேலே தள்ளும் விசை இல்லையாயின், தேய வேண்டாத உறுப்புகள் தேயத் தொடங்கும். எண்ணெய் நிறைய இருந்தும் விளக்கு எரிவதற்கு இதுவே காரணம்.

எண்ணெய் செல்லும் வழி

பட்டறைகளில் ‘மினியாக் ஹித்தாம்’ என்று கேட்டு வாங்கும் இயந்திர எண்ணெய், முதலில் அடித்தொட்டியில் தங்குகிறது. அங்கே கம்பிவலை பொருத்திய உறிஞ்சுகுழாய் ஒன்று மூழ்கியிருக்கிறது. இயந்திரம் சுழலும்போது எண்ணெய்ப் பம்பும் சுழன்று, அக்குழாய் வழியே எண்ணெயை இழுத்து, வடிகட்டியினுள் செலுத்துகிறது. அங்குத் தூய்மையான எண்ணெய், நுண்ணிய வழிகளில் ஓடிக் கிராங்க் தண்டின் பேரிங்குகளையும், மேலேயுள்ள கேம் தண்டையும் அடைகிறது. பின்னர்ச் சொட்டுச் சொட்டாக மீண்டும் அடித்தொட்டிக்கே வந்து சேருகிறது. அழுத்தம் அளவுக்கு மீறினால் அதைத் தணிக்க ஒரு வால்வும் உண்டு.

கிராங்க் தண்டு உண்மையில் இரும்பின்மீது உருளுவதில்லை. மயிரிழையினும் மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலத்தின்மீது மிதந்து சுழல்கிறது. அந்தப் படலம் அறுபட்டால் உலோகம் உலோகத்தோடு உரசும், சூடேறும், பேரிங் உருகிப் பற்றிக்கொள்ளும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சிறிய கார் ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒரு நிமிடம் ஆகிறது. அந்த ஒரு நிமிடத்தில் இயந்திரம் ஏறத்தாழ 2,500 முறை சுழல்கிறது. “பட்டறை இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே, மெல்ல ஓட்டிப் போய்விடலாம்” என்று எண்ணுபவர், எண்ணெயற்ற உலோகத்தை ஐயாயிரம் முறை சுழற்றுகிறார். மெல்ல ஓட்டினால் நேரம் நீளும், அவ்வளவே.

விளக்கு கடைசி மணியே

டயருக்குக் காற்றடிக்கும்போது 30 பவுண்டு என்று கூறுகிறோம் அல்லவா? அதே கணக்கில் பார்த்தால், நலமுள்ள இயந்திரம் சாலையில் ஓடும்போது எண்ணெய் அழுத்தம் பெரும்பாலும் 40 முதல் 60 பவுண்டு வரை இருக்கும். சூடான இயந்திரம் நின்ற இடத்தில் மெல்ல ஓடும்போது அது 10 அல்லது 15 பவுண்டுக்கு இறங்குவதுண்டு. சரியான அளவு, காரின் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும்.

ஆனால் சிவப்பு விளக்கோ, அழுத்தம் ஏறத்தாழ 3 முதல் 7 பவுண்டுக்குக் கீழே விழுந்த பின்னரே எரிகிறது. இயந்திரத்தின் பக்கவாட்டில் திருகப்பட்டுள்ள ஒரு சிறிய சுவிட்சே இதற்குக் காரணம். அதனுள் மெல்லிய தகடும் ஒரு வில்லும் உள்ளன. அழுத்தம் இல்லாதபோது வில் மின்தொடர்பை இணைத்து வைக்கிறது, விளக்கு எரிகிறது. எண்ணெய் அழுத்தம் தகட்டைத் தள்ளியதும் தொடர்பு விடுபடுகிறது, விளக்கு அணைகிறது. 60 பவுண்டு இருக்க வேண்டிய இடத்தில் 15 பவுண்டே இருந்தாலும் இந்த விளக்கு வாய் திறவாது. அது பேசும்போது அழுத்தம் அநேகமாக முற்றும் போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். பெரட்டுக்கு அடிக்கும் முதல் மணி அன்று இது, கடைசி மணி.

சில புதிய கார்களில் எண்ணெயின் அளவு குறைந்ததைக் காட்டும் மஞ்சள் விளக்கு தனியே உண்டு. மஞ்சள் எரிந்தால் விரைவில் எண்ணெய் ஊற்ற வேண்டும். சிவப்பு எரிந்தாலோ அக்கணமே இயந்திரத்தை நிறுத்த வேண்டும்.

உடனே செய்ய வேண்டியவை

ஓடும் காரில் சிவப்பு விளக்கு எரிந்தால் பதற்றம் வேண்டா. எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, பாதுகாப்பான சாலையோரத்தில் காரை ஒதுக்கி நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட வேண்டும். நின்ற இடத்திலேயே மீண்டும் ஓடவிட்டு “விளக்கு அணைகிறதா பார்ப்போம்” என்று சோதிப்பதும் கூடாது.

ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருந்தால் மேலேயுள்ள எண்ணெய் கீழே இறங்கிவிடும். கார் சமதரையில் நிற்பது முக்கியம். பின்னர் அளவுக்கம்பியை உருவி, துணியால் துடைத்து, முழுவதும் செருகி, மறுபடி உருவிப் பார்க்க வேண்டும். எண்ணெயின் தடம் இரு குறிகளுக்கும் இடையே இருத்தல் வேண்டும். சிறிய கார்களில் கீழ்க்குறிக்கும் மேற்குறிக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் ஒரு லிட்டர் அளவே.

தடம் கீழ்க்குறிக்கும் கீழே இருந்தால், உரிய எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றி மீண்டும் பார்க்க வேண்டும். மேற்குறியைத் தாண்ட விடலாகாது. மிகுதியாக ஊற்றினால் சுழலும் கிராங்க் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையைப் பம்ப் தள்ளினால் அழுத்தம் நிலைக்காது. அளவு சரியான பின் இயந்திரத்தை இயக்கலாம். சில நொடிகளில் விளக்கு அணைந்து, ஓசையும் இயல்பாக இருந்தால், மெதுவாகப் பட்டறைக்குச் சென்று எண்ணெய் எங்கே போயிற்று என்று கண்டறிய வேண்டும். விளக்கு அணையாவிடில் உடனே நிறுத்திவிட வேண்டும்.

எண்ணெய் அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்ததாயின், அந்தக் காரை ஓட்டவே கூடாது. கட்டி இழுத்துச் செல்வதே முறை. இழுவைக்குக் கொடுக்கும் பணம் வீண் என்று எண்ண வேண்டா. இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகையே.

கண்ணும் காதும் சொல்லும் சாட்சி

நோயைச் சொல்லாமல் மருந்து கேட்பது பொருந்தாது. விளக்கு எப்போது எரிந்தது என்பதைக் கவனித்துப் பட்டறைக்காரரிடம் சொன்னால் பாதி வேலை முடிந்ததாகும்.

வளைவில் திரும்பும்போதும், மேட்டில் ஏறும்போதும் மட்டும் விளக்கு மின்னினால் எண்ணெய் குறைந்திருக்கக்கூடும். எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்க, உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்கிறது.

நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய பின், சாலைச் சந்திப்பில் நிற்கும்போது மின்னி, வேகம் கூட்டியதும் அணைந்தால், எண்ணெய் நீர்த்திருக்கலாம். பேரிங்குகளோ பம்போ தேய்ந்திருக்கலாம். சுவிட்சே பழுதாகவும் இருக்கலாம்.

எண்ணெய் மாற்றிய அன்றோ மறுநாளோ எரிந்தால், அந்த வேலையிலேயே குற்றத்தைத் தேட வேண்டும். பழைய வடிகட்டியின் ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதிய வளையமும் அமர்ந்து எண்ணெய் பீறிட்டிருக்கலாம். வடிதிருகு இறுகாதிருக்கலாம். பொருந்தாத வடிகட்டி போட்டிருக்கலாம்.

செம்மண் சாலையில் கல்லோ வேரோ அடியில் மோதிய பின் எரிந்தால், அடித்தொட்டியைக் குனிந்து பார்க்க வேண்டும். ஓட்டை இல்லாவிட்டாலும், உள்நோக்கி நசுங்கிய தகடு உறிஞ்சுகுழாயின் வாயை அடைத்திருக்கக்கூடும். தோட்டச் சாலையில் ஓட்டும் நாம் இதை மறத்தலாகாது.

எண்ணெயின் நிறமும் பேசும். தே தாரிக் போல் வெளுத்து நுரைத்திருந்தால் குளிர்நீர் கலந்துள்ளது. பெட்ரோல் வாடை வீசினால் எரிபொருள் கலந்து எண்ணெய் நீர்த்துவிட்டது. பின்புகை நீலமாக வந்தால் இயந்திரம் எண்ணெயை எரித்துக் குடிக்கிறது. கீழிருந்து ‘டொக், டொக்’ என்ற கனத்த ஓசை எழுந்தால் பேரிங் கெட்டுள்ளது என்று அஞ்ச வேண்டும். அதன்பின் ஒரு சுற்றும் சுழற்றலாகாது.

மலிவானதிலிருந்து தொடங்குக

“எண்ணெய் விளக்கா? இயந்திரம் போயிற்று, வேறு இயந்திரம் போட வேண்டும்” என்று பார்த்த மாத்திரத்திலேயே கூறுபவர் உண்டு. “வெறும் சுவிட்ச்தான், பேசாமல் ஓட்டுங்கள்” என்பவரும் உண்டு. இரண்டையும் சான்றின்றி ஏற்றல் தகாது. சான்று பெறும் வழி எளிது.

முதலாவது, எண்ணெயின் அளவும் கசிவும் பார்த்தல். இதற்குச் செலவே இல்லை.

இரண்டாவது, கம்பியைச் சோதித்தல். பழைய கார்களில், இயந்திரத்தை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, சுவிட்சில் செருகியுள்ள கம்பியைக் கழற்றினால் விளக்கு அணைய வேண்டும். கழற்றிய பின்னும் எரிந்தால், கம்பி எங்கோ உரிந்து இரும்பைத் தொடுகிறது. அணைந்துவிட்டால் கம்பி நலமாக உள்ளது என்பது மட்டுமே புலனாகும். அழுத்தம் உண்டு என்று அதற்குப் பொருளில்லை. கணினி பொருத்திய புதிய கார்களில் இச்சோதனையைப் பட்டறைக்கே விட்டுவிடலாம்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் தலையாயது, அழுத்தமானியைப் பொருத்துதல். சுவிட்சைக் கழற்றி, அந்தத் துளையிலேயே முள் காட்டும் அழுத்தமானியைத் திருகி, இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதும், சூடேறிய பின் மெல்ல ஓடும்போதும், நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போதும் முள் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். கனத்த ஓசை கேட்ட இயந்திரத்தில் மட்டும் இச்சோதனை வேண்டா. குறித்த எண்கள் கையேட்டோடு ஒத்துவந்தால் குற்றம் சுவிட்சில்தான்; அதன் விலை இயந்திரத்தின் விலையில் சிறு பின்னமே. எண்கள் குறைந்தால் நோய் உண்மையானது. அப்போதும் வடிகட்டி, கம்பிவலை, அழுத்தம் தணிக்கும் வால்வு, பம்ப், இறுதியாகப் பேரிங் என்ற வரிசையில் பார்க்கச் சொல்ல வேண்டும். நெடுநாள் மாற்றாத எண்ணெய் கரிய சேறாகிக் கம்பிவலையை அடைத்திருந்தால், அடித்தொட்டியைக் கழற்றிக் கழுவுவதோடு தீரும் நோயும் உண்டு.

“முதலில் அழுத்தமானி வைத்துப் பாருங்கள், எனக்கும் காட்டுங்கள்” என்று கேட்பது நம் உரிமை. பணம் நம்முடையது, அது வியர்வையால் வந்தது. நேர்மையான பட்டறைக்காரர் இக்கேள்வியை விரும்புவார்.

இங்கே இரு தவறுகளைக் கண்டிக்க வேண்டும். விளக்கை அணைப்பதற்காகவே கெட்டியான எண்ணெயை ஊற்றுவது ஒன்று. பம்பும் பேரிங்கும் தேய்ந்தபடியே இருக்க, விளக்கின் வாயை மட்டும் அது அடைக்கிறது. விளக்கின் கம்பியையே துண்டிப்பது மற்றொன்று. பழைய காரை விற்பவர் சிலர் இதைச் செய்வதுண்டு. ஆகவே பழைய கார் வாங்குவோர் சாவியைத் திருப்பியதும் இயந்திரத்தை இயக்குமுன் இந்த விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது எரிய வேண்டும். இயக்கிய சில நொடிகளில் அணைய வேண்டும். சாவி திருப்பியும் எரியாத விளக்கு, உறங்கும் காவற்காரன்.

வருமுன் காத்தல்

கிழமைக்கு ஒரு முறை அளவுக்கம்பியைப் பார்த்தல், கையேடு சொல்லும் தரமுள்ள எண்ணெயையே ஊற்றுதல், உரிய காலத்தில் எண்ணெயையும் வடிகட்டியையும் சேர்த்து மாற்றுதல் ஆகிய மூன்றும் போதும். பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கும் மட்டுமே ஓடும் கார் குறைவாக ஓடுகிறது என்று எண்ணி எண்ணெய் மாற்றாதிருக்கக் கூடாது. குறுந்தூர ஓட்டத்தில் இயந்திரம் நன்கு சூடேறுவதில்லை. ஈரமும் எரிபொருளும் எண்ணெயில் தங்கிவிடுகின்றன. எனவே கிலோமீட்டரோடு மாதக்கணக்கையும் பார்க்க வேண்டும்.

கார் நின்ற இடத்தில் தரையில் கறை உண்டா என்று காலையில் ஒரு பார்வை பார்த்தாலும் நன்று. இயந்திரத்தின் மூட்டுகளில் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் வளையங்கள் இருக்கின்றன. நம் மரத்து இயற்கை ரப்பர் டயருக்கு மிகச் சிறந்தது. ஆனால் கனிம எண்ணெய் பட்டால் ஊறிப் பருத்துத் தளர்ந்துவிடும். அதனால் அவ்வளையங்களை நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பரால் செய்கிறார்கள். அதுவும் ஆண்டுகள் பல சூட்டில் இருந்தால் இறுகி வெடிக்கும், கசிவு தொடங்கும். சிறு கசிவிலேயே வளையத்தை மாற்றுவது சிக்கனம்.

மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்லும் தோழர்களுக்கும் ஒரு சொல். காப்சாய் வண்டிகள் பலவற்றில் இத்தகைய விளக்கே கிடையாது. எண்ணெயும் ஒரு லிட்டருக்குக் குறைவே. அவற்றுக்கு அளவுக்கம்பி ஒன்றே காவல்.

வடித்த கழிவெண்ணெயைக் கால்வாயில் ஊற்றுவதும் மரத்தடியில் கொட்டுவதும் தீது. 2005ஆம் ஆண்டின் விதிமுறைகள் அதனை அட்டவணைக் கழிவாக வகைப்படுத்தியுள்ளன. மூடியுள்ள கலத்தில் சேர்த்து, கழிவெண்ணெய் வாங்கும் பட்டறையிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

அன்பர்களே! பால் குறைந்த மரத்தைக் கண்டால் அனுபவமுள்ள வெட்டுத் தொழிலாளி கத்தியை ஆழமாக இறக்குவதில்லை. பட்டையைப் பார்க்கிறார், காரணத்தைத் தேடுகிறார், தேவையானால் மரத்துக்கு ஓய்வு கொடுக்கிறார். அந்தப் பொறுமையும் கூர்மையும் நமக்குத் தொழிலே கற்றுத் தந்தவை. அவற்றையே காரிடமும் காட்டுவோமாக. சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் இயந்திரத்தை நிறுத்துவோம். அடுத்து எண்ணெயைப் பார்ப்போம். அழுத்தத்தை அளந்த பின்னரே பணத்தைச் செலவிடுவோம். வீட்டில் கார் ஓட்டும் பிள்ளைகளுக்கும், அருகில் அமர்ந்து செல்லும் தாய்மார்களுக்கும் இந்த விளக்கை இன்றே காட்டிக் கொடுங்கள். ஓட்டுநரின் கண் சாலையில் இருக்க, அருகில் இருப்பவரே அதை முதலில் காணக்கூடும்.